நாற்பது வினாடிக்கு ஒரு பண்ணைக்குட்டை

இலஞ்சி,
ஆடி மாதம், சாரல் விழுந்துகொண்டிருக்கிறது.

சங்கரா,

சாப்பிட்டாயா, பாப்பாவுக்குச் சளி விட்டதா என்பதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே கேட்டாகிவிட்டது. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நீ சொன்னது உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. "அம்மா, அடுத்த மாசம் ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வருதேன். ஆய்க்குடித் தோட்டத்தை உன் பேருக்கே எழுதி வச்சிருதேன். பட்டா உன் பேர்ல இருந்தா மானியத்துக்கு வார ஓடிபி உன் போனுக்கே வந்துரும். உனக்கும் தொந்தரவு இல்ல, எனக்கும் தொந்தரவு இல்ல." நான் "சரிப்பா" என்றேன். நீ சந்தோஷமாக வைத்துவிட்டாய். நான் போனைக் கையில் பிடித்தபடி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பை அணைத்ததுகூட வாடை வந்த பிறகுதான் தெரிந்தது.

நீ நல்லதைத்தான் செய்கிறாய். புனேயிலிருந்து லீவு போட்டு வந்து, பெற்றவளுக்கு நிலத்தை எழுதிக் கொடுக்கிற பிள்ளை இந்த வட்டாரத்தில் எத்தனை பேர். வெளியில் சொன்னால் கண் பட்டுவிடும். அப்படியிருக்க எனக்கு ஏன் அழுகை வந்தது என்று மூன்று நாள் யோசித்தேன். காரணம் தெரிந்துவிட்டது, தெரிந்ததும் வெட்கமாக இருந்தது. அதைப் போனில் சொல்ல வராது. போனில் நீ "சீக்கிரம் சொல்லும்மா" என்பாய், அதைக் கேட்டதும் எனக்குப் பாதி மறந்துபோகும். கடிதத்தில் நீ என்னை அவசரப்படுத்த முடியாது. உட்கார்ந்து படி.

அப்பா தவறிப்போன வருஷத்திலிருந்து தொடங்க வேண்டும். தோட்டத்தில் உனக்குப் பாதி, எனக்குப் பாதி என்று இருந்ததை நான்தான் விடுதலைப் பத்திரம் எழுதி முழுதும் உன் பேருக்கு ஆக்கினேன். பத்திரம் எழுதுகிறவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "ஆச்சி, நல்லா யோசிச்சிட்டீளா?" என்று இரண்டு முறை கேட்டார். "என் பிள்ளைக்கு நான் குடுக்கேன், இதுல யோசிக்க என்ன கெடக்கு" என்று எடுத்தெறிந்து பேசினேன். நீ பக்கத்தில்தான் இருந்தாய், போனில் யாருக்கோ பதில் அடித்துக்கொண்டு. மூன்று ஏக்கர், ஒரு கிணறு, நூற்றுச் சொச்சம் எலுமிச்சை மரங்கள். உன் பேரில் இருந்தால் நீ அடிக்கடி வருவாய் என்று நான் நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை, பத்திரக்காரரிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

நிலத்தை எழுதிக் கொடுத்த பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. தண்ணீரைச் சேமிக்க, மண்ணைக் காக்க, மரம் வளர்க்க என்று அரசாங்கம் எந்த மானியம் கொடுத்தாலும், அது பட்டாவில் பேர் இருக்கிறவருக்குத்தான். காலையில் பஸ் ஏறிப் போய் மடை திருப்புகிறவள் நான், எலுமிச்சை பறித்துப் புளியங்குடிக்கு வண்டி ஏற்றுகிறவள் நான், கம்ப்யூட்டருக்கு மட்டும் நான் யாரோ. விவசாய ஆபீஸிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற அந்தப் பிள்ளை சொட்டுநீர்க் குழாய் போட எழுதிக்கொள்ள வந்தபோது, "ஓடிபி அண்ணன் போனுக்குப் போயிருக்கும் ஆச்சி, கேட்டுச் சொல்லுங்க, பத்து நிமிசத்துக்குள்ள" என்றாள். நான் உன்னைக் கூப்பிட்டேன். வழக்கமாக மூன்று தடவை அடித்து ஓய்ந்தால் ஒரு தடவை எடுப்பாய். அன்றைக்கு முதல் மணியிலேயே எடுத்துவிட்டாய்.

நீ எண்ணைச் சொன்னாய், அவள் கையிலிருந்த டேப்லெட்டில் அடித்தாள். சர்வர் வேலை செய்யவில்லை, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "அண்ணனை லைன்லயே இருக்கச் சொல்லுங்க ஆச்சி, மறுபடி கேட்டாலும் கேக்கும்" என்றாள். நீயும் வேறு வழியில்லாமல் லைனில் இருந்தாய். பேச ஒன்றும் இல்லாததால் பேசினோம். பாப்பாவுக்கு முன்பல் விழுந்ததைச் சொன்னாய். அங்கே ஒரு கடையில் முறுக்கு வாங்கி, வாயில் வைக்க முடியாமல் போட்டதைச் சொன்னாய். முதுகு வலிக்கிறது, நாற்காலி சரியில்லை என்றாய். ஏழு நிமிடம். அப்பாவின் பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் பிறகு நாம் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். வட்டம் நின்று, பச்சை டிக் விழுந்தபோது அந்தப் பிள்ளை சந்தோஷப்பட்டாள். எனக்கு அந்தச் சர்வர் மேல் எரிச்சல்தான் வந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததைக் கேட்டால் நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். விவசாய ஆபீஸில் என்னென்ன திட்டம் இருக்கிறது என்று தென்காசிக்குப் போய் விசாரிக்க ஆரம்பித்தேன். பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதை, மண்புழு உரத்துக்குத் தொட்டி, வரப்போரம் நட வேங்கைக் கன்று, மண் பரிசோதனை. வந்ததையெல்லாம் எழுதிப்போட்டேன். பாதி உபயோகமானவைதான், பொய் சொல்லவில்லை. தக்கைப்பூண்டை மடக்கி உழுத பிறகு மண் நன்றாகத்தான் ஆயிற்று. ஆனால் நான் எழுதிப்போட்டது மண்ணுக்காக இல்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும் பதிவுக்கு ஒரு ஓடிபி, சரிபார்க்க ஒரு ஓடிபி. "ஓடிபி வரும்" என்று உனக்கு மெசேஜ் போட்டுவிட்டுக் கூப்பிட்டால் நீ மீட்டிங்கில் இருந்தாலும் வெளியே வந்து எடுப்பாய். பத்து நிமிடத்தில் காலாவதி ஆகிவிடும் என்பதால் எடுப்பாய். ஒரு தடவை நீ சரியாகத்தான் சொன்னாய், நான் வேண்டுமென்றே கடைசி எண்ணை மாற்றிச் சொன்னேன். மறுபடி வரட்டுமே என்றுதான். அந்தப் பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்து, "ஆச்சி, அண்ணன் சொன்னது இங்கன வர கேட்டுச்சு" என்றாள். பிறகு அவளே சரியான எண்ணை அடித்துவிட்டு, அந்த வரப்புப் பக்கம் எதையோ பார்க்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டாள். அவளுடைய அம்மா தனியாகத் தர்மபுரிப் பக்கம் இருக்கிறாளாம். பிறகொரு நாள் சொன்னாள்.

இங்கே உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்தபோது, ஏழாவதோ எட்டாவதோ, நீ வாரம் தவறாமல் எதையாவது தொலைத்தாய். ஜியாமெட்ரி பாக்ஸ் இரண்டு தடவை. டவல். ஒரு கால் செருப்பு. கார்டில் எழுதுவாய், "அம்மா, வரும்போது வாங்கி வா" என்று. நான் வரவில்லை. தெரிந்த கண்டக்டர் ஒருவர் இருந்தார், அவரிடம் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவேன். லீவில் வந்தபோது, "எத்தன பாக்ஸுலே தொலைப்ப, மூளை எங்கன கெடக்கு" என்று உன்னை அடிக்கக்கூடச் செய்தேன். பெட்டியைக் காலி செய்தபோது அடியில் நான் அனுப்பிய இரண்டு பாக்ஸும் இருந்தன, புதிதாக, பிரிக்காமல். பொய் வேறு சொல்கிறான் என்று இன்னும் இரண்டு அடி வைத்தேன். அது என்ன பொய் என்று புரிய எனக்கு இத்தனை வருஷமும் ஒரு கம்ப்யூட்டரும் வேண்டியிருந்தது. பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம்தான். நான் வந்திருக்கலாம். பாப்பா நாளைக்கு எங்காவது தங்கிப் படிக்கும்போது ஏதாவது தொலைந்துவிட்டது என்றால், பொருளை அனுப்பாதே. நீ போ.

இனி சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது. போன ஆவணியில் நீ இருபத்துமூன்று நாள் கூப்பிடவில்லை. உனக்கு வேலை, தெரியும். நானும் கூப்பிடவில்லை, ரோஷம். உன் பிறந்தநாள் அன்றைக்குக் கோயிலுக்குப் போய்விட்டுத் தோட்டத்துக்கு வந்தேன். அந்தப் பிள்ளை அங்கே மாடசாமியிடம் பேசிக்கொண்டிருந்தாள். நம் தோட்டத்துக்குக் கிழக்கே இருக்கிறவன்தான், உனக்குத் தெரியும், நீ சின்னப் பிள்ளையில் அவன் தோளில் உட்கார்ந்து பங்குனி உத்திரத் தேர் பார்த்திருக்கிறாய். அவனுக்குக் கிணறு கிடையாது, மழையை நம்பி ஒன்றரை ஏக்கர். முழு மானியத்தில் பண்ணைக்குட்டை வெட்டித் தருகிறார்கள், அந்த வருஷம் அந்தக் கிராமத்துக்கு இன்னும் ஒன்றுதான் பாக்கி. மாடசாமி கேட்டிருந்தான். ஆனால் அவனுடையது கூட்டுப் பட்டா, கேரளாவில் புனலூரில் இருக்கிற அவன் தம்பி கையெழுத்துப் போட வேண்டும். "பத்து நாள்ல வாங்கியாந்துருவேன் தாயி" என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் போன பிறகு, "எனக்கு எழுதிக்கோ" என்றேன். அவள் திகைத்துவிட்டாள். "ஆச்சி, உங்களுக்குத்தான் வத்தாத கெணறு இருக்கே." "இருந்தா என்ன, மழைத்தண்ணி வீணா ஓடுதுல்லா" என்றேன். தாள் எல்லாம் சரியாக இருக்கிறது, அவளால் மறுக்க முடியாது. உனக்கு "ஓடிபி வரும்" என்று மெசேஜ் போட்டுக் கூப்பிட்டேன். நீ எடுத்தாய், எண்ணைச் சொன்னாய். அன்றைக்குப் பார்த்து சர்வர் ஒழுங்காக வேலை செய்தது. பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல வாயெடுப்பதற்குள், "அம்மா, அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிட்டாய். போனைப் பார்த்தேன், நாற்பது வினாடி. அந்த நாற்பது வினாடிக்காக மாடசாமியின் குட்டையை நான் எடுத்துக்கொண்டேன்.

புரட்டாசியில் ஜேசிபி வந்து வெட்டியது. கார்த்திகை மழையில் நிறைந்தது. கரையில் சிமெண்டுப் பலகை ஒன்று நட்டிருக்கிறார்கள், நீ இன்னும் பார்க்கவில்லை. திட்டத்தின் பேர், சர்வே எண், கீழே "பயனாளி" என்று போட்டு உன் பேரும் அப்பா பேரும். மத்தியானம் நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். சாரலில் மண் தெறித்தால் முந்தானையால் துடைக்கிறேன். இரண்டு பேர் பேரும் ஒரே இடத்தில் இருப்பது அங்கேதான். கிறுக்கு பிடித்துவிட்டதோ என்று நினைக்காதே, பலகையோடு பேசுகிற அளவுக்கு இன்னும் போகவில்லை. ஒரு நாள் மட்டும் பேசினேன்.

தையில் மாடசாமி உளுந்து விதைத்தான். மாசியில் ஒரு மழை வரும் என்று எல்லோரும் சொன்னார்கள், வரவில்லை. பூ எடுக்கிற நேரத்தில் செடி வாட ஆரம்பித்தது. அவன் வரப்பில் வந்து நின்று, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். "ஆச்சி, குட்டையில தண்ணி சும்மாத்தான கெடக்கு. ரெண்டு தரம் மோட்டார் போட்டு எறச்சுக்கிடட்டுமா? பயிரு தப்பிச்சிரும்." என் கையில் இருக்கிற தண்ணீர். "எடுத்துக்கோ மாடசாமி" என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பட்டா சங்கரன் பேர்ல இருக்கு. அவன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதேன்."

உன்னிடம் கேட்க ஒன்றுமே இல்லை. உன்னைக் கூப்பிட ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான். அதோடு இன்னொரு புத்தியும் வந்தது. இந்தத் தடவை "ஓடிபி வரும்" என்று மெசேஜ் போடாமல் கூப்பிட்டுப் பார்ப்போம், அம்மா என்பதற்காக மட்டும் எடுக்கிறானா பார்ப்போம் என்று நினைத்தேன். கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. "பிறகு கூப்பிடுகிறேன்" என்று மெசேஜ் வந்தது. மறுநாள் நான் காத்திருந்தேன். அதற்கு மறுநாளும். மாடசாமி தினமும் வரப்பு வரை வந்து, "தம்பி பேசுச்சா ஆச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனான். "இன்னும் இல்ல" என்றேன். எனக்கு வீம்பு. நீ கூப்பிட வேண்டும், கூப்பிட்ட பிறகுதான் மோட்டார். அடுத்தவன் பயிரை வைத்து என் பிள்ளையைச் சோதித்துக்கொண்டிருந்தேன், ஐந்து நாள்.

ஆறாம் நாள் காலையில் அவன் வரப்புக்கு வரவில்லை. நானே அவன் வயலுக்குப் போனேன். "மாடசாமி, எடுத்துக்கோ, எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோ" என்றேன். அவன் ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினான். கையிலேயே நொறுங்கியது. "இனி தண்ணி விட்டா களைதான் மொளைக்கும் ஆச்சி" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நீ அன்றைக்குச் சாயந்திரம் கூப்பிட்டாய். "என்னம்மா, கூப்பிட்டிருந்த, ஏதும் அவசரமா?" என்று கேட்டாய். "இல்லப்பா, சும்மாதான்" என்றேன். நீ "சரிம்மா" என்றாய்.

இதில் உன் குற்றம் ஒன்றுமில்லை, அதை முதலில் மனதில் வாங்கிக்கொள். மாடசாமி என்று ஒரு வார்த்தை மெசேஜில் போட்டிருந்தால் நீ ஓடிவந்து பேசியிருப்பாய், எனக்குத் தெரியும். தெரிந்துதான் போடவில்லை. பங்குனியில் அவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு மனைவியோடு புனலூருக்குத் தம்பியிடம் போய்விட்டான், ரப்பர் தோட்ட வேலைக்கு. இப்போது கிழக்கே வயல் தரிசாகக் கிடக்கிறது. முன்னேயாவது மத்தியானம் வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து, "சாப்பிட்டீளா ஆச்சி" என்று ஒரு குரல் வரும். அதையும் நான் கெடுத்துக்கொண்டேன். குட்டை நிறையத் தண்ணீர், பேச ஒரு ஆள் இல்லை. நாள் முழுதும் தோட்டத்தில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து டிவியைப் போட்ட பிறகுதான் காலையிலிருந்து நான் வாயே திறக்கவில்லை என்பது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நீ பட்டாவை மாற்றுகிறேன் என்றதும் எனக்கு வந்த அழுகை எதற்கென்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். மாற்றிவிட்டால் ஓடிபி என் போனுக்கே வந்துவிடும். பிறகு உன்னை எந்தச் சாக்கில் கூப்பிடுவேன் என்ற பயம். இருக்கிற ஒரு வழியையும் நீ நல்லெண்ணத்தோடு அடைக்கிறாய். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா, ஆவணியில் நாள் சரியில்லை என்று ஏதாவது புளுகலாமா என்றுகூட நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே, திரும்பவும் அதைத்தானே செய்கிறேன் என்று உறைத்தது.

அதனால் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, நேற்றுப் புனலூருக்குப் போன் போட்டு மாடசாமியிடம் உள்ளதைச் சொன்னேன். குட்டையை ஏன் எடுத்தேன் என்பதையும், அந்த ஐந்து நாள் கதையையும். அவன் ஒன்றே ஒன்று கேட்டான், "இப்பம் தம்பி போன் எடுக்கானா ஆச்சி?" "தைக்கு விதைக்க வா, தண்ணிக்கு நான் பொறுப்பு" என்றேன். "பாப்பம்" என்றான். அதற்கு மேல் அவனிடம் எதிர்பார்க்க எனக்கு உரிமையில்லை.

இரண்டாவது, இந்தக் கடிதம். நீ வா. சொன்னபடி தோட்டத்தை என் பேருக்கு எழுது, நான் வாங்கிக்கொள்கிறேன். மாடசாமிக்குத் தண்ணீர் கொடுக்க இனி நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கக் கூடாது, கேட்க வேண்டும் என்று சாக்குச் சொல்லவும் முடியக் கூடாது. குட்டையிலிருந்து அவன் வயல் வரை குழாய் பதிக்கலாம் என்று ஒரு தாளில் நாம் இருவரும் கையெழுத்துப் போட்டு அவனுக்குக் கொடுத்துவிடுவோம். எனக்குப் பின்னால் நிலம் திரும்ப உன்னிடம்தான் வரும், அப்போதும் அந்தத் தாள் நிற்க வேண்டும். நீ வரும் அந்த இரண்டு நாளில் ஒரு மத்தியானம் குட்டைக் கரையில் என்னோடு உட்கார்ந்து சாப்பிடு. அருவிக்கெல்லாம் போக வேண்டாம், கூட்டம். பலகையில் உன் பேரை மாற்றச் சொல்லமாட்டேன், அது இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து "ஓடிபி வரும்" என்று உனக்கு மெசேஜ் வராது. ஆனால் என் போன் வரும். மீட்டிங்கில் இருந்தால் எடுக்க வேண்டாம், பிறகு கூப்பிடு, ஐந்து நாள் ஆனாலும் இனி அதில் யார் பயிரும் வாடாது. எடுத்தால், என்னம்மா அவசரம் என்று கேட்காதே. அவசரம் எதுவும் இருக்காது. உன் குரலைக் கேட்கத்தான் கூப்பிட்டிருப்பேன். அது தெரிந்தே எடு.

அம்மா